மெம்ஃபிஸில் ஐசக் ஹேய்ஸைத் தேடிப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகருக்கு வருகிறவர்களில் பலர் எல்விஸ் பிரெஸ்லியின் வீடான கிரேஸ்லேண்டையும் பீல் தெருவையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சோல் இசைப் பாடகரும் பாடலாசிரியருமான ஐசக் ஹேய்ஸுக்காக வருகிறவர்கள் தெற்கே மெக்லமோர் அவென்யூவுக்கு அரை நாளாவது ஒதுக்க வேண்டும். கதவு எண் 926. பீல் தெருவிலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர்தான், ஆனாலும் வண்டி பிடித்துப் போங்கள். ஆகஸ்ட் புழுக்கத்தில் நடந்து போய்ச் சேர்ந்தால் உள்ளே நின்று நிதானமாகப் பார்க்கத் தெம்பிருக்காது.

ஹேய்ஸ் வேலை பார்த்த ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் இருந்த இடம் அது. ஆனால் அங்கே நிற்பது பழைய கட்டடம் அல்ல. அதை 1989இல் இடித்துவிட்டார்கள். அதே மனையில் அதே முகப்போடு எழுப்பி 2003இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளை வேகமாகக் கடந்தாலும் ‘ஸ்டுடியோ ஏ’ அறையில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஸ்டாக்ஸ் ஒரு பழைய சினிமா கொட்டகையில் நடந்த நிறுவனம். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, திரை இருந்த மேடையில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்தார்கள். தரையை மட்டும் சமப்படுத்தவில்லை. புதிய கட்டடத்திலும் அந்தச் சரிவை அப்படியே விட்டிருக்கிறார்கள். நடந்து பாருங்கள், கணுக்காலில் தெரியும். தரையும் கூரையும் இணையாக இருந்தால் ஒலி இரண்டுக்கும் நடுவே திரும்பத் திரும்ப மோதிக் கலங்கும். சரிவுத் தரையில் அந்த மோதல் குறைவு. ஸ்டாக்ஸ் பதிவுகளின் கனத்த, முரட்டு ஒலிக்கு இந்தத் தரைக்கும் பங்குண்டு.

ஹேய்ஸ் பிறந்தது 1942இல், மெம்ஃபிஸுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள கோவிங்டனில். பிறர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுப் பயிர் செய்த குடும்பம், வளர்த்தவர்கள் தாத்தா பாட்டி. இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், ஸ்டாக்ஸின் கீபோர்டுக் கலைஞர் புக்கர் டி. ஜோன்ஸ் கல்லூரிக்குப் போயிருந்த காலத்தில் அவருக்குப் பதிலாக 1964இல் ஸ்டாக்ஸில் பியானோ வாசிக்க வந்தார். பிறகு பாடலாசிரியர் டேவிட் போர்ட்டரோடு சேர்ந்து சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் இணைக்கு எழுதிய பாடல்கள்தான் நிறுவனத்தையே தூக்கி நிறுத்தின. ‘சோல் மேன்’ பாட்டுக்கு வித்து 1967 டெட்ராய்ட் கலவரம். கறுப்பர்களின் கடை என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்பதற்காகச் சுவர்களில் ‘சோல்’ என்று எழுதி வைத்திருந்ததை ஹேய்ஸ் தொலைக்காட்சியில் பார்த்தார்.

திரும்பும் வழியில் லொரெய்ன் மோட்டலில் இறங்குங்கள். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட இடம், இப்போது சிவில் உரிமை அருங்காட்சியகம். அந்தச் சாவுக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு ஹேய்ஸால் சரியாக எழுத முடியவில்லை. அதே ஆண்டில், ஸ்டாக்ஸின் இசைத்தட்டுகளை விநியோகித்த அட்லான்டிக் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் முறிந்து, ஸ்டாக்ஸ் தன் பழைய பதிவுகளை மொத்தமாக இழந்தது. கையிருப்பை நிரப்ப 27 ஆல்பங்களை ஒரே மூச்சில் வெளியிட ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் முடிவெடுத்தார். அந்தக் கும்பலில் வந்ததுதான் 1969இன் ‘ஹாட் பட்டர்டு சோல்’. நான்கே பாடல்கள், கடைசிப் பாட்டு 18 நிமிடத்துக்கும் மேல்.

பயணத்துக்கு முன் அந்தக் கடைசிப் பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். எட்டு நிமிடத்துக்கு மேல் ஹேய்ஸ் பாடவே இல்லை, பேசுகிறார். ஆர்கன் ஒரே கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) பிடித்துக்கொண்டு நிற்கிறது. இது பிறந்தது ஒரு கிளப்பில். கூட்டம் தங்களுக்குள் சளசளவென்று பேசிக்கொண்டிருக்க, வாத்தியக்காரர்களை அந்தக் கார்டிலேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் அடங்கியது. இதை மேடையில் வாசித்துப் பார்க்கும் குழுக்கள் தவறுவது இங்கேதான். மூன்றாவது நிமிடத்தில் டிரம்மருக்குக் கை பரபரக்கும், ஒரு உருட்டல் விழும், கதை அறுந்துவிடும்.

இன்னொரு தவறு: இந்த ஆல்பம் பதிவான ஆர்டென்ட் ஸ்டுடியோ என்று மேடிசன் அவென்யூ கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆர்டென்ட் அங்கே மாறியது 1971இல்தான். 1969இல் அது நேஷனல் தெருவில் இருந்தது. வயலின்களும் ஊதுவாத்தியங்களும் டெட்ராய்ட்டில் சேர்ந்தவை, அமைத்தவர் ஜானி ஆலன்.

ஹேய்ஸ் இசையமைத்த ‘ஷாஃப்ட்’ படத்தின் தீம் பாட்டை வாசிக்க விரும்பும் கிதார்காரர்களுக்கு ஒன்று. அதில் கிதார் வாசித்த சார்ல்ஸ் பிட்ஸ் அங்கே கார்டுகளை அடுக்கவில்லை. தந்தியை அமுக்கி, பெரும்பாலும் ஒரே சுரத்தை வெட்டுகிறார், மீதியை, ஒலியை மாற்றும் வா-வா பெடலை மிதிக்கும் கால் பார்த்துக்கொள்கிறது. டிரம்மர் வில்லி ஹாலின் ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைத் தாளத்தட்டு) ஒரு அடிக்கு நான்காக ஓடுகிறது. குரல் வர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தப் பாட்டுக்காக 1972இல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஹேய்ஸ்.

அருங்காட்சியகத்தில் அவருடைய 1972 காடிலாக் எல்டொராடோ ஒரு சுழல்மேடையில் நிற்கிறது: தங்க முலாம், உள்ளே ரோமத் தரைவிரிப்பு, தொலைக்காட்சி, குளிர்பெட்டி. ஸ்டாக்ஸோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கிடைத்த வண்டி. 1975 டிசம்பரில் ஸ்டாக்ஸ் மூழ்கியது. மறு ஆண்டு 60 லட்சம் டாலருக்கு மேல் கடனோடு ஹேய்ஸ் திவாலானார். வண்டி போனது, வீடு போனது, அதுவரை எழுதிய பாடல்களின் ராயல்டியும் போனது.