கொரோனா வார்டும் பொட்டாசியம் கணக்கும்

2021 மே மாதம் சேலத்தில் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றாலும் மூன்று கேள்விகள் காதில் விழும். உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி எவ்வளவு, ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் எவ்வளவு, நுரையீரல் பாதிப்புக்கு ஸ்கேனில் போடும் சிடி ஸ்கோர் 25க்கு எத்தனை. உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டி வந்த மாதம் அது. எப்படியோ ஒரு படுக்கை கிடைத்து ஆளை உள்ளே அனுப்பிய சொந்தக்காரர்கள் எங்கள் லேப் ஜன்னலுக்கு வந்து இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு போவார்கள். பொட்டாசியம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நடுராத்திரியில் ஐசியூவிலிருந்து போன் வந்தால் டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்: "பொட்டாசியம் வந்துருச்சா?"

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீசியன். இரண்டு அலைகளிலும் கொரோனா வார்டில் ரத்தம் எடுப்பதும் அதிலுள்ள பொட்டாசியம் போன்ற உப்புகளை அளக்கும் எலக்ட்ரோலைட் மெஷினில் அதை ஓட்டுவதும் என் வேலையாக இருந்தது. அதில் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டது. பொட்டாசியத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று சொல்வது சரிப்பட்டு வராது. ஆனால் அன்றைக்கே, அந்த ஷிஃப்டிலேயே சரிசெய்யக்கூடிய கோளாறு எது என்று காட்டிக்கொடுக்க அதைப் போல உதவிய டெஸ்ட் மிகக் குறைவு. சிஆர்பி ஏறினால் கவலைப்படலாம், மறுநாள் மறுபடி பார்க்கலாம். பொட்டாசியம் 2.6 என்றால் உடனே செய்ய வேலை இருக்கிறது.

லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இயல்பு. உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. நாங்கள் அளப்பது வெளியே ரத்தத்தில் இருக்கும் சொச்சத்தை. இதயத் துடிப்பும் தசைகளின் பலமும் அந்தச் சொச்சம் சரியாக இருப்பதைப் பொறுத்தவை. சர்க்கரை 100லிருந்து 150 ஆனால் யாரும் பதறுவதில்லை. பொட்டாசியம் 4லிருந்து 6 ஆனால் வார்டே பரபரக்கும்.

அம்மாப்பேட்டைப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் இருந்தார். நாலு லிட்டர் ஆக்சிஜனில் ஓரளவு நிலையாக இருந்தவர். காலையில் ரத்தம் எடுக்கப் போனபோது கையை நீட்டவே சிரமப்பட்டார். "எந்திரிச்சு உக்காரவே முடியலைங்க தம்பி, காலு நம்ம காலு மாதிரியே இல்ல" என்றார். கொரோனா என்றாலே அசதிதானே என்று பக்கத்துக் கட்டில்காரர் சமாதானம் சொன்னார். மெஷினில் 2.6 வந்தது. கேஸ் ஷீட்டைப் பார்த்தால் காரணம் வரிசையாக நின்றது. நாலைந்து நாளாகச் சரியான சாப்பாடு இல்லை, வயிற்றுப்போக்கு, நெஞ்சில் நீர் சேராமல் இருக்க, நீரைப் பிரித்து வெளியேற்றும் லேசிக்ஸ், ஸ்டீராய்டு, மூச்சு இளக சால்புட்டமால் நெபுலைசேஷன். லேசிக்ஸ் பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளும். சால்புட்டமால் அதை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டால் அதுவும் உள்ளே இழுக்கும். மூச்சுவிடுவதும் தசை செய்யும் வேலைதான் என்பதால் ஏற்கெனவே நுரையீரல் அடிபட்டவருக்கு இந்தப் பலவீனம் சின்ன விஷயம் இல்லை.

டிரிப்பில் கலந்து நிதானமாகப் பொட்டாசியம் குளோரைடு ஏற்றினார்கள். கை நரம்பு வழியாக என்றால் மணிக்கு 10 மில்லிமோல் அளவுதான், வேகம் கூடினால் நரம்பு எரியும், இதயத்துக்கே ஆபத்து. நேராக ஊசியில் தள்ளவே கூடாது என்று அந்த வார்டு சிஸ்டர் புதிதாக வந்த பெண்களுக்குத் தினமும் சொல்வார். கூடவே மெக்னீசியமும் கொடுத்தார்கள். மெக்னீசியம் குறைவாக இருந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு ஊற்றினாலும் சிறுநீரகம் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அப்புறம் வாய்வழி சிரப். அதைக் குடிக்கும்போது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. 3.7க்கு வந்தபோது தானாக எழுந்து சுவரைப் பிடித்து நடந்தார். ஆக்சிஜன் தேவை அப்போதும் அதே நாலு லிட்டர்தான். நோய் அதே இடத்தில் நின்றது, மனிதர் மட்டும் தேறியிருந்தார்.

நோயே பொட்டாசியத்தைக் குறைக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. வைரஸ் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோனை உடைப்பது அந்தப் புரதத்தின் வேலை. வைரஸ் பிடித்ததில் அந்தப் புரதம் குறைந்தால் ஆஞ்சியோடென்சின் கூடும், அது ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைத் தூண்டும், ஆல்டோஸ்டிரோன் பொட்டாசியத்தைச் சிறுநீரில் அனுப்பிவிடும். சீனாவின் வென்சூ நகரத்தில் 2020 தொடக்கத்தில் 175 நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் இந்த வழியைத்தான் சுட்டினார்கள். அங்கே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பொட்டாசியம் குறைவு, குறைவு கூடக் கூட நோயின் கடுமையும் கூடவே தெரிந்தது. ஆனால் இத்தாலியின் மொடெனாவில் 290 பேரைப் பார்த்தபோது 41 சதவீதம் பேருக்குக் குறைவு இருந்தும், ஐசியூவுக்குப் போவதற்கும் இறப்புக்கும் அதோடு தொடர்பு தெரியவில்லை. பெரும்பாலானவர்களுக்கு 3க்கும் 3.5க்கும் இடைப்பட்ட லேசான குறைவு. நீர் பிரியும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அது அதிகம் வந்திருந்தது.

எனக்கு மொடெனா கணக்கு நம்பும்படி இருக்கிறது. நான் பார்த்த வார்டில் மோசமானவர்களுக்குத்தான் லேசிக்ஸ் அதிகம், நெபுலைசேஷன் அதிகம், இன்சுலின் அதிகம், சாப்பாடு குறைவு. பொட்டாசியம் குறைந்தது நோயாலா வைத்தியத்தாலா என்று ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் எதனால் குறைந்தாலும் நிரப்பியாக வேண்டும். அதுவும் முதல் அலையில் ஹைட்ராக்ஸி குளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்த காலத்தில் இன்னும் அவசியம். இரண்டுமே ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒரு துடிப்புக்குப் பின் இதயம் மறு துடிப்புக்குத் தயாராக எடுக்கும் நேரத்தை, நீட்டுபவை. பொட்டாசியம் குறைவும் அதையே செய்யும். மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் துடிப்பு தாறுமாறாகலாம். அதனால் எங்கள் டாக்டர்கள் பொட்டாசியம் 4க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஏறுவது வேறு கதை. சிறுநீரகம் படுத்துவிட்டால், ரத்தம் அமிலமானால் பொட்டாசியம் மேலே போகும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசியும் டெல்மிசார்டன் மாதிரி பிபி மாத்திரையும் அதற்குத் துணை போகும். இதோடு வீட்டிலிருந்து இளநீர் வேறு வரும். கொரோனாவுக்கு இளநீர் நல்லது என்று யாரோ சொல்லி, கட்டிலுக்குக் கட்டில் பாட்டில் பாட்டிலாக நின்றது. பொட்டாசியம் குறைந்தவருக்கு அது சரி. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் அவர் மகன் தினமும் கொடுத்தனுப்பினார். ஜன்னலில் அவரிடம், "அப்பாவுக்கு இது வேண்டாங்கண்ணா, கிட்னி தேறட்டும்" என்று சொன்னபோது, இளநீர்கூடக் கூடாதா என்று கலங்கிப்போனார். தன்னால் செய்ய முடிந்த ஒரே காரியம் என்று நினைத்திருந்தார் போல. 6.5ஐத் தாண்டினால் ஈசிஜியில் டி அலை கூர்ந்து நிற்கலாம், கால்சியம் குளுக்கோனேட், இன்சுலினும் குளுக்கோஸும், கடைசியில் டயாலிசிஸ் என்று ஓட வேண்டியிருக்கும்.

இத்தனை ஓட்டமும் ஒரு எண்ணை நம்பி நடக்கிறது. அந்த எண் நிஜமா என்று பார்ப்பதுதான் லேபின் வேலை. பிபிஇ கிட்டுக்குள் இரண்டு கையுறை, வேர்த்து மங்கிய கண்ணாடி. அந்த நிலையில் நரம்பு தேடி எடுத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைவது சகஜம். மெஷினில் வேகமாகச் சுற்றி செல்களைப் பிரித்தெடுத்தால், மேலே மஞ்சளாக நிற்க வேண்டிய நீர்ப்பகுதியான சீரம் ரோஸ் நிறத்தில் நிற்கும். செல்லுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டி, 4 இருப்பவருக்கு 6 காட்டும். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலும் ஏறும். ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் கலந்த இடிடிஏ, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறையாமல் வைக்கும் ரசாயனம். ரத்தம் போதவில்லை என்று அதிலிருந்து சிவப்பு மூடி டியூபுக்கு ஊற்றினால் பொட்டாசியம் ஆகாயத்துக்குப் போய் கால்சியம் பாதாளத்துக்கு விழும். அந்த ஜோடியைப் பார்த்தாலே நடந்தது தெரிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றியது ஏற்காட்டு சாம்பிள்தான். மேலே ஒரு சின்ன கிளினிக்கில் எஸ்டேட் ஜனங்களுக்கு எடுத்த ரத்தம் பைக்கில், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வரும். சீரம் தெளிந்த மஞ்சள், உடைந்த அறிகுறியே இல்லை. பொட்டாசியம் மட்டும் 6.8. போன் போட்டால், "அவரு இப்பத்தான் நடந்து வந்து டீ குடிச்சிட்டுப் போறாருங்க" என்றார்கள். ஒருவருக்கு என்றால் சரி, அன்று வந்த எல்லோருக்குமே தூக்கலாக இருந்தது. விசாரித்ததில், மூக்கில் எடுத்த ஸ்வாப் ஐஸ் பெட்டியில் வர வேண்டும் என்பதால் ரத்த டியூபையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். காலையில் எடுத்தது, மத்தியானம் வரை பெட்டியில். பொட்டாசியத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும் பம்ப் ஒன்று செல்லின் சுவரில் இருக்கிறது. குளிரில் அது படுத்துவிடும். செல் உடையாமலே பொட்டாசியம் கசிந்து வெளியே வந்துவிடும். அந்த மனிதரை மறுநாள் அடிவாரத்துக்கு வரச்சொல்லி எடுத்துப் பார்த்தால் 4.1.

சேலத்து வெயில் இதற்கு நேர் எதிர். சூட்டில் கிடக்கும் டியூபில் அந்தப் பம்ப் கூடுதல் சுறுசுறுப்பாகி பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அளவு கொஞ்சம் குறைவாகக் காட்டும். மே மாதத்தில் வார்டு வராந்தாவில் வெகுநேரம் காத்துக்கிடந்த டியூபின் 3.3ஐ முழுதாக நம்பிவிட முடியாது. நோயின் கடுமையோடு பொட்டாசியத்தை முடிச்சுப் போடும் எந்தக் கட்டுரையைப் படித்தாலும், ரத்தம் எடுத்து எவ்வளவு நேரத்தில் சீரம் பிரித்தார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.

மலைமேல் கிளினிக்கில் இப்போது ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் இருக்கிறது. அங்கேயே சுற்றி, சீரத்தைத் தனி டியூபில் பிரித்து அனுப்புகிறார்கள். பிரித்த சீரம் ஐஸில் வந்தாலும் பாதகமில்லை. டியூப் மேலே ரத்தம் எடுத்த நேரம் எழுதியிருக்கும். எழுதாமல் வந்தால் மற்ற டெஸ்ட்டெல்லாம் ஓட்டிவிட்டு, பொட்டாசியத்தை மட்டும் நிறுத்தி வைத்து, போனில் நேரம் கேட்டுக்கொண்டுதான் ரிப்போர்ட்டில் போடுகிறேன்.