பட்டிக்கு அடியில் இருந்தவை: பழைய காரின் அடிப்பாகத் துருவை வீட்டிலேயே சரிசெய்த கதை

பழைய காரின் அடிப்பாகத்தில் துரு ஏறிவிட்டால் மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தால் போதும் என்று எண்ணுபவர்கள் இதைப் படித்துவிட்டு வேலையில் இறங்குவது நல்லது. வெல்டிங் இதில் சிறு பங்குதான். எனக்கு முன்பு இந்தக் காரில் கைவைத்த ஒரு பட்டறை மூடி மறைத்துவிட்டுப் போனவற்றைத் தோண்டி எடுப்பதிலேயே என் உழைப்பில் பெரும்பகுதி போயிற்று.

காரின் அடிப்பக்கம் முழுவதும் கெட்டியான கறுப்புத் தார்ப்பூச்சு இருந்தது. துரு வேலை எல்லாம் முடிந்துவிட்டதாக அந்தப் பட்டறை முந்தைய உரிமையாளருக்கு உறுதி சொல்லியிருந்ததாம். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் மேல் நகர்த்திப் பார்த்தபோது, முன்கதவின் அடியில் கவ்விப் பிடித்த காந்தம், பின்சக்கரத்தை ஒட்டிய முழ நீளத்துக்குப் பிடிக்கவே இல்லை. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. ஓட்டையை மறைக்கப் பூசும் பசையான பட்டியைப் பெயர்த்தால் ஃபைபர் கிளாஸ், அதற்குக் கீழே கம்பிவலை, வலை உள்வாங்காமலிருக்க அதன் பின்னால் திணித்த செய்தித்தாள். அந்தத் தாள் நன்றாக நனைந்து, கசக்கிப் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. துருவைத் தடுக்கப் பணம் வாங்கிக்கொண்டு, துருவுக்கு வேண்டிய ஈரத்தை உள்ளேயே சேமித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இது வெறும் அழகுப் பிரச்சினையாக இருந்தால் இவ்வளவு கோபம் வராது. தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத கார்களில் உடலே எலும்புக்கூடு. ரன்னிங் போர்டு என்பது வெளித்தகடும் உள்தகடும், பல மாடல்களில் நடுவே ஒரு வலுத்தகடும் சேர்ந்த பெட்டி. தரை வளையாமல் இருப்பதும், பக்கவாட்டில் மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவர் தப்புவதும் அந்தப் பெட்டியைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. ஜாக்கி வைக்கும் இடமும் பெரும்பாலும் அதன் ஓரம்தான். ஆகவே வெளித்தகட்டில் ஓட்டை தெரிந்தால் உள்தகட்டையும் பார்க்காமல் விடக்கூடாது. என் காரில் வெளியே தெரிந்ததைப் போலச் சுமார் இரு மடங்கு, உள்ளே அரித்திருந்தது.

இருக்கை, தரைவிரிப்பு, பேட்டரி ஆகியவற்றைக் கழற்றியது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடியில் ஓடும் பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் எந்த வழியில் போகின்றன என்பதைக் கண்ணால் பார்த்து, வேலை நடக்கும் பகுதியிலிருந்து அவற்றை விலக்கிய பிறகே தகடு வெட்டும் கிரைண்டரைத் தொட வேண்டும். டேங்க் பக்கத்தில் வேலை என்றால் டேங்கையே இறக்கிவிட வேண்டும். இன்னொன்று, வெட்டுவதற்கு முன் கதவு வாசலின் குறுக்கே இரும்புச் சட்டம் ஒன்றை முறுக்காணியால் இறுக்கிப் பொருத்துங்கள். ரன்னிங் போர்டை வெட்டி எடுத்ததும் உடல் அரை விரற்கடை தொய்ந்தால் போதும், அதே நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்த பின் கதவு ஆயுளுக்கும் சரியாகச் சாத்தாது. காரை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அதன் அடியில் யாரும் படுக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த தலைவலி உதிரிபாகக் கடையில் தொடங்கியது. என் மாடலுக்கே உரியது என்று சத்தியம் செய்து கொடுத்த ரன்னிங் போர்டு தகட்டை வீட்டில் வைத்துப் பார்த்தால், நேரான பகுதி கச்சிதம். பின்சக்கர வளைவில் மட்டும் அது வேறு ஏதோ வண்டியின் பிள்ளை. உறையைப் பிரித்துவிட்டதால் திரும்ப வாங்க முடியாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். நேரான பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, வளைவை 1.2 மில்லிமீட்டர் தகட்டில், அட்டையில் வெட்டிய அளவை வைத்து நானே தட்டி உருவாக்கினேன். அந்தத் தகட்டை வாங்கப் போன இடத்திலும் ஒரு கூத்து. சாதாரண எஃகுத் தகடு கேட்டவனுக்கு, இது துருவே பிடிக்காது சார் என்று துத்தநாகம் பூசிய தகட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும். மேலும் பற்றவைத்த இணைப்பும் நுரைத்து ஓட்டை ஓட்டையாக விழும். அங்கேயே நின்று மாற்றி வாங்கினேன். பூசிய தகடுதான் கிடைக்கிறது என்றால், பற்றவைக்கும் ஓரத்தில் பூச்சை முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உரிய முகமூடியுடன் மட்டும் செய்யுங்கள்.

எங்கே வெட்டுவது என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. துருவின் ஓரத்தை ஒட்டி வெட்டினால் அங்குள்ள தகடு காகிதம்போல் இளைத்திருக்கும். காப்பு வாயுவின் துணையோடு கம்பியை உருக்கிப் பற்றவைக்கும் மிக் வெல்டிங்கின் முதல் பொறியிலேயே உருகி ஓட்டை விழும், அதை அடைக்கப் போனால் ஓட்டை பெரிதாகும். பளபளவென்று முழுக் கனமுள்ள இரும்பு தெரியும்வரை பின்னால் போய் வெட்ட வேண்டும். துருமாற்றி திரவத்தை நம்பி இதைத் தவிர்க்க முடியாது. பாஸ்போரிக் அமிலம் கலந்த அந்தத் திரவம் மேலோட்டமான துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், ஆனால் கரைந்துபோன இரும்பைத் திருப்பித் தராது. பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுவதும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, மீண்டும் அதே கதை தொடங்கும்.

பற்றவைக்கும்போது ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போனால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடைவெளிகளைப் பிறகு நிரப்பினேன். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் (புள்ளி புள்ளியாகப் பற்றவைப்பது) செய்திருந்த விளிம்புகளில், புதுத் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு அவற்றின் வழியே பற்றவைத்தேன். திறந்தவெளியில் செய்பவர்கள் காற்றைக் கவனியுங்கள். லேசாக வீசினாலே காப்பு வாயு கலைந்து பற்று முழுவதும் ஊசித்துளையாகிவிடும்.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரையின் உட்புறம் ஒட்டியிருந்த தார் அட்டையைக் கையெட்டிய வரை சுரண்டியிருந்தும், மடிப்புக்குள் மிஞ்சிய ஒரு துண்டு, வேலையை நிறுத்தி நெடுநேரம் கழித்துப் புகைய ஆரம்பித்தது. உள்ளே தண்ணீரோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்ததால் அது அத்தோடு போயிற்று. கடைசிப் பொறிக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது காரை விட்டு நகராதீர்கள்.

குறுக்குச் சட்டத்தைக் கழற்றிவிட்டுக் கதவைச் சாத்திய கணத்தை மட்டும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தூக்கிப் பிடிக்காமல், இடிக்காமல், ஒரே தட்டில் சாத்தியது. மேலும் கீழும் இடைவெளி ஒரே சீராக இருந்தது.

பிறகு பிரைமர், இணைப்புகளில் நீர் புகாமல் அடைக்கும் சீலர், அதன்மேல் பெயிண்ட் என்று வழக்கமான வரிசைதான். ரன்னிங் போர்டுப் பெட்டிக்குள் துருவைத் தடுக்கும் மெழுகு அடிப்பதை மட்டும் எல்லா வெல்டிங்கும் முடிந்த பின்பே செய்யுங்கள், ஏனென்றால் அது எரியக்கூடியது. ரன்னிங் போர்டின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகள் அனைத்தையும் பழைய பட்டறை தாரால் அடைத்திருந்தது. அவற்றைத் தேடித் திறப்பதற்கே தனியாக ஒரு பொழுது ஆயிற்று. உங்கள் காரிலும் பூச்சுக்கு அடியில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள், மெழுகு வடிந்து நின்றதும் ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். மெழுகும் அவற்றை அடைத்துக்கொள்ளும்.