வளைவு நிமிர்ந்த பிறகும்

தலவாக்கலையிலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். காலை பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. செயின்ட் கிளேயர் பக்கத்து வளைவுகளில் எல்லோரும் எல்லோர் மேலும் சாய்வோம், அதில் தப்பில்லை. வளைவு முடிந்ததும் எல்லோரும் நிமிர்ந்துவிடுவார்கள். அன்றைக்கு எனக்குப் பின்னால் நின்றவன் நிமிரவில்லை. நெரிசலா, வேண்டுமென்றே செய்வதா என்று குழம்பும் தங்கச்சிமாரே, பஸ் நேராக ஓடும்போது கவனியுங்கள். நான் பையை இடையில் வைத்தேன். பைக்குக் கீழால் கை வந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். குரலே எழும்பவில்லை. அடுத்த தடவை 'அண்ணே' வரவில்லை. "கையை எடுடா!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கிளினிக் போய்க்கொண்டிருந்த, கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர், "நானும் பாத்துக்கிட்டுத்தான் வாறேன், இங்க வா புள்ள" என்று என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அவன் கொட்டகலையில் இறங்கிவிட்டான். டிக்கட்டின் பின்பக்கத்தில் பஸ் நம்பர், நேரம், அவனுடைய பச்சை ஜெர்சி, அந்த அம்மாவின் போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதினேன். கை நடுங்கியதில் பேனா இரண்டு இடத்தில் டிக்கட்டைக் கிழித்தது.

பொலிஸ் போவதற்கு முன் பெண்களுக்கான 1938 உதவி இலக்கத்துக்குப் போன் அடித்துக் கேட்டுக்கொண்டேன். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் இது குற்றம், 5 வருடம் வரை சிறை கிடைக்கலாம். அப்படியும் பொலிஸில் முதலில் கேட்டது, "தொட்டது மட்டும்தானே?" கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். வாசிக்கத் தெரியாததில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தமிழ் தெரிந்த பெண் கான்ஸ்டபிள் வந்து, நான் சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினார். கை எங்கே பட்டது என்று சொல்வதுதான் பெரும் கஷ்டம். சொன்னேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

"வெளியில சொன்னா நம்ம பேருதான் கெடும்" என்று வீட்டில் அம்மா அழுதார். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். அவர்களில் பொலிஸை நாடியவர்கள் 4 வீதம்தான். மீதிப் பேரின் வீட்டிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்கும்.

அவன் தினமும் வருகிறவன் என்பதால் கொண்டக்டர் அடையாளம் காட்டினார். அடுத்த மாதம் வழக்கு. அந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன். சாட்சி சொல்ல வந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் போடமாட்டார்கள், அந்த நாள் சம்பளம் போய்விடும். "பரவாயில்ல புள்ள, எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.