விழுந்த வண்டியைத் தூக்குகிற கணக்கு: சேர்வராயன் மலை மண்தடங்களுக்கான குறிப்புகள்

ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் மிளகு மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஏறிப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே தடத்தில் லட்சங்கள் கொடுத்து வாங்கிய அட்வென்சர் வண்டி பாதியில் நிற்கும். சொந்தக்காரர் வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டிருப்பார். பழக்கம் ஒரு பாதிக் காரணம், எடை மறுபாதி. எக்ஸ்.எல். 100 தொண்ணூறு கிலோ தேறாது. சாய்ந்தால் மூட்டையை இறக்கிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் நிமிர்த்திவிடலாம். அட்வென்சர் வண்டிகளில் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி 158 கிலோ பக்கம் வரும். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 190-ஐத் தாண்டும்.

மண்தடத்தில் வண்டி விழும். எவ்வளவு தேர்ந்தவர் ஓட்டினாலும் விழும். ஆகவே வண்டி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி குதிரைத்திறன் பற்றியது இல்லை, சரிவில் தனி ஆளாக எத்தனை தடவை தூக்க முடியும் என்பதுதான். வீட்டு வாசலில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு வண்டியைப் படுக்க வையுங்கள். தூக்கி நிறுத்துங்கள். 10 நிமிடத்துக்குள் மூன்று தடவை. மூன்றாவது தடவை நெஞ்சு படபடத்தாலோ இடுப்பு பிடித்தாலோ அந்த வண்டி உங்களுக்குத் தார் ரோட்டு வண்டி. ஒவ்வொரு வருடமும் இதைச் செய்து பார்க்க வேண்டும், பதில் மாறிக்கொண்டே வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1980-களின் கடைசியில் இளவட்டங்கள் ஆர்.எக்ஸ். 100-ல் மலை ஏறினார்கள். அது 100 கிலோ பக்கம்தான். இடுப்பில் பலம் இருந்த வயதில் லேசான வண்டி. அதே ஆட்கள் ஐம்பத்தைந்தில், பிள்ளைகள் செட்டிலானபின், கையில் காசு புரளும்போது வாங்குவது இரண்டு மடங்கு எடையுள்ள வண்டி. கணக்கு தலைகீழ். வயது ஏற ஏற எடை இறங்க வேண்டும். பெட்ரோலும் எடைதான்: 13 லிட்டர் டேங்க் நிறைந்தால் கிட்டத்தட்ட 10 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். நாள் முழுக்க 60, 70 கிலோமீட்டர் சுற்றுவதற்குப் பாதி டேங்க் தாராளம்.

தூக்குவதற்கு முறை இருக்கிறது. முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டைப் பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் நிமிர்த்திய வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். இடப்பக்கம் விழுந்திருந்தால் முதல் கியரில் போடுங்கள், உருளாது. முன்சக்கரத்தின் முன்பக்கம் தரையைப் பார்க்கும்படி ஹேண்டிலை முழுக்கத் திருப்புங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் கீழே கிடக்கும் ஹேண்டில் பிடியையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடங்கள். வேலையைத் தொடை செய்ய வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும். சரிவில் சக்கரம் மேட்டுப் பக்கமும் சீட் பள்ளத்துப் பக்கமுமாக விழுந்திருந்தால் தூக்கவே முயலாதீர்கள். ஃபுட்ரெஸ்ட்டைக் குத்துப்புள்ளியாக வைத்துத் தரையிலேயே இழுத்துச் சுற்றி, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்படி செய்தபின் தூக்கினால் பாதிச் சுமைதான். அப்போது வண்டி எதிர்ப்பக்கம் பள்ளத்தில் கவிழப் பார்க்கும், பிடியை விட்டுவிடாதீர்கள்.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்குக் கியர் வண்டியைக் கொடுத்துப் பொதுச் சாலையில் அனுப்புவது பற்றி ஒரே வரி: 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பழக்குவதானால் சொந்தத் தோட்டத்துக்குள்.

மலைக்கு வருவோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும். கார்ப்பரேட்டர் வண்டி மேலே போனதும் பெட்ரோல் அதிகமாகி மந்தமாக உறுமும், ப்ளக் கறுக்கும். இன்ஜெக்ஷன் வண்டி கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் இழுவை அதிலும் குறையும். ஏறுமுகத்தில் கியரை ஒன்று முன்னதாகவே இறக்கப் பழகுங்கள். செயின் ஓடுகிற பல்சக்கரங்களில், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது, பின்னால் மூன்று பல் கூட்டுவதற்குச் சமம். மலைக்கென்று வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைவிட மலிவான மாற்றம் கிடையாது.

மண் மூன்று விதமாக ஏமாற்றும். மேல்மலையின் செம்மண் காய்ந்திருக்கும்போது நல்ல பிடி தரும். ஒரு மழை பெய்தால் சோப்புக்கட்டி. டயர் பட்டன்களுக்கு நடுவில் அப்பிக்கொண்டு டயர் வழுவழு உருளையாகிவிடும். காப்பித் தோட்டத்து ரோடுகளில் சில்வர் ஓக் சருகு மெத்தைபோல் கிடக்கும். அடியில் கல்லும் குறுக்கு வாய்க்காலும் ஒளிந்திருக்கும். நிழல் விழும் இடங்களில் கருங்கல் பாறைமேல் பாசி. பாசியில் பிரேக் தொடக்கூடாது, ஹேண்டில் திருப்பக்கூடாது, ஆக்சிலேட்டரையும் மாற்றக்கூடாது. வந்த வேகத்தில் நேராகக் கடந்துவிட வேண்டும். மே மாதக் கோடை மழையிலிருந்து நவம்பர் வரை ஈரம் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உகந்த காலம். ஆனால் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற வேலையும் நடக்கும், ஜீப்பும் ஆட்களும் வளைவுக்கு வளைவு எதிரே வருவார்கள்.

டயர் காற்றைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே எழுத வேண்டும். பலர் சறுக்குவது பழக்கக் குறைவால் அல்ல, ரோட்டுக் காற்றோடு மண்ணில் இறங்குவதால். தார் ரோட்டுக்கு முன்னால் 25, பின்னால் 28 அல்லது 29 பி.எஸ்.ஐ. என்றால் மண்ணுக்கு முன்னால் 18 முதல் 20, பின்னால் 20 முதல் 22. டயர் தரையில் படுகிற பரப்பு கூடும், கல்லில் துள்ளாமல் அமுங்கும். அதற்கும் கீழே இறக்க ஆசைப்படாதீர்கள். சேர்வராயனில் கூர்க்கல் அதிகம். டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 15-க்குக் கீழே போனால் ரிம்முக்குள் டயர் சுழன்று வால்வைப் பிய்த்துவிடும், டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் ரிம் லாக் போட்டிருந்தாலொழிய. வால்வின் அடி நட்டை ரிம்மோடு இறுக்காமல் மேலேற்றி மூடிக்கு அடியில் வைத்திருங்கள். டயர் நகர்ந்தால் வால்வு சாய்ந்து காட்டிக்கொடுக்கும். இறுக்கி வைத்திருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துபோகும்.

அடிவாரத்தில் அளந்த காற்று மேலே மாறாதா என்று கேட்பார்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 2 பி.எஸ்.ஐ. வரை கூட்டிக் காட்டும், குளிர்ச்சி அதில் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். மிஞ்சுகிற வித்தியாசம் பெரிதில்லை. டயர் ஆறியபின் மேலேயே ஒரு தடவை அளந்தால் போதும்.

மண்தடத்தில் பஞ்சர் கடை கிடையாது. 21 அங்குல டியூப் ஒன்று மட்டும் எடுத்துப் போனால் போதும்; ஆபத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம். கூடவே டயர் லீவர் மூன்று, வால்வு கழற்றி, கைப்பம்ப், ஆக்ஸில் நட்டுக்கான ஸ்பேனர். டியூப் மாற்றுவதில் பத்துக்கு ஆறு பேர் புது டியூபையே லீவரால் கிள்ளி ஓட்டை போடுவார்கள் என்பது என் உத்தேசம். டியூபுக்கு உருண்டை வடிவம் வருகிற அளவு லேசாகக் காற்று ஏற்றியபின் உள்ளே வையுங்கள். கடைசி ஒரு சாண் டயர் விளிம்பு ஏறாமல் அடம் பிடிக்கும்போது லீவரில் பலத்தைக் காட்டாதீர்கள். எதிர்ப்பக்கம் முழங்காலை வைத்து அங்கிருக்கும் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமுக்குங்கள். இந்தப் பக்கம் தானாக இளகும்.

கிளட்ச் கேபிள் இன்னொன்றை வாங்கி, ஓடுகிற கேபிளை ஒட்டியே கட்டி வைத்துவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாற்றிப் பூட்டுவதுதான் வேலை. செயின் லாக், ஃபியூஸ், கட்டுக்கம்பி, இன்ஜின் கேஸில் கல் அடித்து ஆயில் கசிந்தால் அடைக்க எம்-சீல். கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்ப்பைக் கையால் பலமாகத் தட்டினால் சுழல்கிற அளவுக்கு மட்டும் முறுக்கி வையுங்கள். விழும்போது லிவர் ஒடியாமல் திரும்பிக்கொள்ளும். செயினை ரோட்டு அளவுக்கு இறுக்கி வைப்பதும் தவறு. பின் ஆக்ஸில், பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மின் அச்சு, முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கம். ஒருவரை உட்கார வைத்து அந்த நிலைக்கு அமுக்கிப் பார்த்து, அப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் கியர்பாக்ஸ் பேரிங்குக்கு அடி.

ஏறுகிறபோது இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டால்? பதறிக் கிளட்ச்சைப் பிடிப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருப்பதால் முன் பிரேக் மட்டும் பிடித்தால் முன்சக்கரம் பூட்டியபடியே வண்டி பின்னால் வழுக்கும். கியரில் இருக்கும்போதே கிளட்ச்சை விட்டுவிடுங்கள், நின்றுபோன இன்ஜினே பின்சக்கரத்துக்குப் பிரேக். மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இடப்பக்கமாக இறங்கி நின்று, ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, முன் பிரேக்கில் விரல் வைத்தபடி கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து ஓரோர் அடியாகப் பின்னால் விடுங்கள். வண்டியின் மூக்கு வலப்பக்கம் திரும்பிச் சரிவுக்குக் குறுக்காக நிற்கும். நீங்கள் மேட்டுப் பக்கம் இருப்பீர்கள், அது முக்கியம். வண்டி கவிழ்ந்தாலும் உங்கள்மேல் விழாது. அங்கிருந்து ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்துக் கீழே பார்த்துத் திருப்பி, இறங்கிப் போய், அடுத்த முறை கியரைத் தொடாமல் இரண்டாவதிலேயே ஏறுங்கள். பாதி ஏற்றத்தில் கியர் மாற்றினால்தான் பெரும்பாலும் நிற்கும்.

இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர், கிளட்ச் தொடாமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முன் பிரேக்கில் ஒற்றை விரல். பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸைப் பின்சக்கரத்தில் அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதிரிக் கல்லில் அது நிற்கும் தூரத்தைக் கூட்டும்.

ஓடையைக் காலால் நடந்து பார்த்தபிறகே வண்டியை இறக்க வேண்டும். சக்கர அச்சு அளவு தண்ணீர் என்றால் பரவாயில்லை. விழுந்து இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள்; தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றி வெளியேற்றுங்கள். ஆயில் கண்ணாடியில் டிகிரி காப்பி நிறம் தெரிந்தால் ஆயில் மாற்றாமல் ஓட்டக்கூடாது.

ஐம்பதைக் கடந்தவர்கள் பெரிதாக நினைக்காத ஒன்று கண்ணாடி. இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. நின்றுகொண்டு ஓட்டும்போது முன்சக்கரத்தருகே இருக்கும் கல் அந்தப் பாதியில் கலங்கலாகத் தெரியும், ஆழம் பிடிபடாது. தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்றைத் தனியாகச் செய்து வையுங்கள். முட்டி வலிக்கிறவர்களுக்கு ஹேண்டிலை 20 முதல் 30 மி.மீ. உயர்த்தும் ரைசர் நிம்மதி தரும். நின்று ஓட்டும்போது குனிய வேண்டியிருக்காது. கேபிள் நீளம் போதுமா என்று ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், ஒன்றும் இல்லை என்று தோன்றினாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஷூ போட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி தடுமாறாமல் நிற்க முடியாத நாளில் தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலே வெயில் உறைக்காது, தாகமும் தெரியாது. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்காகக் குடித்துவிடுங்கள்.

எங்கே ஓட்டலாம் என்பதில் குழப்பம் வேண்டாம். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மடுவு, வாழவந்தி, கொட்டச்சேடு பக்கத்து உட்கிராமங்களுக்குப் போகிற ஊராட்சி ரோடுகள் பொது. எஸ்டேட் ரோடு தனியார் சொத்து, கேட்டைத் திறப்பதற்கு முன் மேனேஜரிடம் கேட்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் சக்கரம் வைப்பது குற்றம், ஒற்றையடிப்பாதை எவ்வளவு ஆசை காட்டினாலும். காப்பியும் மிளகும் களத்தில் காய்கிற இடத்தில் புழுதி கிளப்பாமல் நடை வேகத்தில் போங்கள். காட்டெருமை நின்றால் ஹாரன் வேண்டாம், ஹைபீம் வேண்டாம். நூறு மீட்டர் தள்ளி நின்று அது போகும்வரை காத்திருங்கள். பனிமூட்டத்தில் அது பாறைபோலவே நிற்கும் என்பதால் காலை எட்டு மணிக்கு முன்னால் எஸ்டேட் வளைவுகளில் வேகம் காட்டாதீர்கள்.

இறங்குவதற்கு முன் காற்றை மறுபடி 25, 28-க்கு ஏற்றிவிடுங்கள். 18-ல் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கினால் டயர் நெளியும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது. கைப்பம்ப்பில் ஒரு சக்கரத்துக்கு 50, 60 அடி ஆகும். ஏறி வருகிற பஸ்ஸுக்கு வழி விட்டு, இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு மேல் பழசானால் ஈரம் இழுத்திருக்கும், சூட்டில் கொதித்து லிவர் பஞ்சுபோல் உள்ளே போகும். அடிவாரத்துக் கோரிமேடு வந்து நின்றதும் டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும். முன்சக்கர ஷாக் குழாயின் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ஃபோர்க் சீல் ஓரத்தில் செம்மண் கோடு தெரிந்தால் அன்று இரவே, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு கீற்றை வெட்டி உள்ளே செருகிச் சுற்றி எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் சீல் கீறி ஆயில் கசியத் தொடங்கும்.