கேத்தல் சுட்டால் முதலில் பீலிக்கு

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பரா, அதாவது குழந்தைகள் காப்பகம், பார்க்கிறவள் நான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுப்பும் படுக்கையும் கிட்டக்கிட்ட. தவழுகிற பிள்ளைக்குக் கொதிக்கிற கேத்தல் கைக்கெட்டும். அதனால் தாய்மாரிடம் ஓயாமல் சொல்கிறேன்: சுட்ட இடத்தை உடனே ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பீலித் தண்ணி, அதாவது குழாயில் விழுகிற ஊற்றுத் தண்ணி, போதும். ஐஸ் வேண்டாம், தோல் இன்னும் கெடும்.

நம்ம குளிரில் பிள்ளையை முழுசாக நனைத்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும். காயத்தில் மட்டும் தண்ணீர் விட்டு, மற்ற உடம்பைக் கம்பளியால் போர்த்துங்கள். வீங்குமுன் வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியை இழுக்காதீர்கள்.

பற்பசையும் தேங்காயெண்ணெயும் பூசிக்கொண்டு வருவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். டொக்டருக்குக் காயத்தின் ஆழமே தெரியாமல் போகும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள்.

முகம், கை, மறைவிடம் சுட்டிருந்தால், அல்லது கைக்குழந்தை என்றால், சின்னக் காயமானாலும் 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குப் போன் அடியுங்கள். வண்டி லயத்தடிக்கு ஏறாதென்றால், வழிகாட்ட ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்புங்கள். பிந்தித்தான் தெரியவந்ததா? 3 மணித்தியாலத்துக்குள் என்றால் அப்போதும் தண்ணீர் விடுங்கள், பலன் உண்டு.