பிடிஎஃப் கையொப்பச் செய்முறைத் தேர்வு: அந்த நான்கு எண்களைக் கையால் கூட்டிப் பழகுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. மொரிஷியஸ் ரோஸ்ஹில் கோயில் தமிழ் வகுப்பில் கூடப் படித்த தம்பி தங்கைகள் சிலர் அடுத்த முறை இதே தேர்வு எழுதப் போகிறார்கள். ஞாபகம் சூடாக இருக்கும்போதே அவர்களுக்காக எழுதுகிறேன். முதல் பகுதி எல்லாருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடுகிறேன். இரண்டாம் பகுதிதான் ஆளைச் சாய்ப்பது: கொடுத்த பிடிஎஃபில் கோட் எழுதி மின்னணுக் கையொப்பமிடுவது, அதன்மேல் இரண்டாவது கையொப்பம், அப்புறம் வைவா என்ற வாய்மொழித் தேர்வு.

பைத்தானில் பைஹேங்கோ, ஜாவாவில் பிடிஎஃப்பாக்ஸ், எந்த லைப்ரரி எடுத்தாலும் கோட் கொஞ்ச வரிதான். லைப்ரரியை மனப்பாடம் செய்து நேரத்தைக் கரைக்காதீர்கள். பைட்ரேஞ்ச் என்ற நான்கு எண்கள் (கையொப்பம் காக்கும் இரண்டு துண்டுகளில் ஒவ்வொன்றின் தொடக்கமும் நீளமும்) புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கையொப்பம் கோப்புக்குள்ளேயே உட்கார வேண்டும். தன்னையும் சேர்த்து ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரியான சுருக்க எண்) எடுக்க முடியாதே! அதனால் கன்டென்ட்ஸ் என்ற இடத்தில் முதலில் பூஜ்ஜியங்களைப் போட்டு இடம் பிடிக்கிறோம். அதை விட்டுவிட்டு முன்னும் பின்னும் இருப்பதை ஹாஷ் எடுத்து, கிடைக்கும் சிஎம்எஸ் வடிவக் கையொப்பத்தை ஹெக்ஸாக (பதினாறடிமான எழுத்துகளாக) அங்கே எழுதுகிறோம்.

பிடிஎஃப்பாக்ஸ் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 9472 பைட் ஒதுக்கும். ஒரு பைட்டுக்கு இரண்டு ஹெக்ஸ் எழுத்து, ஆக 18944. இரு பக்கக் கோண அடைப்புக்குறிகளும் ஹாஷில் சேராது, ஆக இடைவெளி 18946. பைட்ரேஞ்ச் 0, 48210, 67156, 1530 என்று இருந்தால், 48210-உடன் 18946 கூட்டுங்கள், 67156 வரும். அதோடு 1530 கூட்டினால் 68686. கோப்பின் அளவும் அதுவாகவே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் கையொப்பத்துக்குப் பிறகு யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள்.

எனக்கு வீடியோ பார்த்துப் படிப்பது ஒத்துவராது. ஹெக்ஸ் வியூவரைத் திறந்து, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் இந்தக் கணக்கைத் தினமும் போட்டேன். வைவாவில் என்னைக் காப்பாற்றியது அதுதான். 2019-இல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 டெஸ்க்டாப் பிடிஎஃப் வியூவர்களைச் சோதித்து, 21-ஐ ஏமாற்றிக் காட்டினார்கள். அதில் ஒரு வழி பைட்ரேஞ்சைத் திருத்துவது, இன்னொன்று கோப்பின் கடைசியில் ஒட்டுவது. இதை விளக்கச் சொன்னபோது நோட்டுப் பக்கம் அப்படியே கண்முன் நின்றது.

மற்றவை, தோன்றிய வரிசையில்:

- இரண்டாவது கையொப்பத்துக்குச் சாதாரண சேவ் வேண்டவே வேண்டாம். பழையதைத் தொடாமல் கடைசியில் மட்டும் சேர்க்க, பிடிஎஃப்பாக்ஸில் சேவ்இன்கிரிமென்டல், ஐடெக்ஸ்ட் லைப்ரரியில் அப்பெண்ட் மோட். முழுக் கோப்பையும் திருப்பி எழுதினால் முதல் கையொப்பம் போச்சு.

- அதன்பின் கையொப்பங்களைச் சரிபார்க்கும் பிடிஎஃப்சிக் கமாண்டில் பார்த்தால், முதல் கையொப்பம் முழு ஆவணத்தையும் மூடவில்லை என்று வரும். பதறாதீர்கள், இரண்டாவது கையொப்பம் அதற்குப் பின்னால் சேர்ந்திருப்பதால் அப்படித்தான் வர வேண்டும்.

- கையொப்பமிட்டவரை அடையாளம் காட்டும் சான்றிதழை வழங்கியவர் யாரென்று தெரியவில்லை என்பது வேறு, ஆவணம் மாறிவிட்டது என்பது வேறு. வைவாவில் இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்.

- சான்றிதழ்ச் சங்கிலி, நேர முத்திரை எல்லாம் சேர்ந்தால் 9472 பைட் போதாமல் போகலாம். ஒதுக்கீட்டை முதலிலேயே கூட்டுங்கள்.

- நம் மொரிஷியஸில் 2000-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம்தான் அடிப்படை. சான்றளிக்கும் அமைப்புகளைக் கட்டுப்படுத்துவது ஐசிடிஏ என்ற தகவல் தொடர்புத் தொழில்நுட்ப ஆணையம். இந்த இரண்டு வரி போதும், சட்டத்தில் மூழ்க வேண்டாம்.

- முதல் கையொப்பத்தைச் சான்றளிப்புக் கையொப்பமாக (பிறகு எந்த மாற்றம் செய்யலாம் என்று வரையறுப்பது) போடச் சொன்னால் அனுமதி நிலை 2 கொடுங்கள். 1 என்றால் எந்த மாற்றமும் கூடாது என்று பொருள், அடுத்த கேள்வியில் கேட்கும் இரண்டாவது கையொப்பத்துக்கு அங்கேயே கதவு அடைத்துவிடும்.