நேற்றைய நாளை எழுதிக் கொடுங்கள் என்றேன்

காலைப் பிரேயரில் ஒரு பெண் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குடியாத்தம் பக்கத்தில் ஒரு அரசு பெண்கள் பள்ளியில் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியை. கூட்டத்தை விலக்கி, நிழலில் படுக்க வைத்து, கால்களுக்கு அடியில் இரண்டு புத்தகப் பையை வைப்பேன். கண் திறந்ததும் தண்ணீர், குளுக்கோஸ். அப்புறம் ஒரே கேள்வி: "இன்னாடி, காலையில ஏதாச்சும் துன்னியா?" "துன்னேன் மிஸ்" என்பார்கள். அடுத்த பெல் அடிக்கும், வகுப்புக்குப் போய்விடுவார்கள். இத்தனை வருடமும் இதோடு என் வேலை முடிந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஜூலையில் ஒரு பிளஸ் ஒன் பெண் இரண்டு வாரத்தில் மூன்று முறை விழுந்தாள். மூன்றாவது முறை சிமெண்ட் திண்ணை விளிம்பில் பட்டு உதடு கிழிந்துவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு வேறு மாதிரி கேட்டேன். நேற்று காலை எழுந்ததிலிருந்து ராத்திரி படுத்தது வரைக்கும் சொல்லு, ஒன்றையும் விடாதே என்றேன்.

அவள் ஊர் மோர்தானா அணைக்குப் போகிற வழி. அம்மாவுக்குப் பேரணாம்பட்டு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, 6 மணிக்கு கம்பெனி வேன் வந்துவிடும். அதனால் இவளும் 4.30 மணிக்கு எழ வேண்டும். அடுப்பு, தண்ணீர், தம்பியைக் கிளப்புவது. பஸ் 7 மணிக்கு. அதை விட்டால் அடுத்த பஸ் பள்ளிக்கு வந்து சேரும்போது இரண்டாவது பீரியட் ஓடிக்கொண்டிருக்கும். சோறு வெந்து இறக்கும்போதே மணி 6.45 ஆகிவிடும். ஆற வைத்துச் சாப்பிட நேரமில்லை, டப்பாவில் அள்ளிக்கொண்டு ஓடிவந்து விடுகிறாள். 8 மணிக்கு முன்பே பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறாள். கையில் டப்பா இருக்கிறது, பசியும் இருக்கிறது. ஆனால் அதை அப்போதே திறந்துவிட்டால் மத்தியானத்துக்கு ஒன்றும் இருக்காது.

சாயந்திரம் ஸ்பெஷல் கிளாஸ் 5.30 வரை. வீட்டுக்குப் போக 7 மணி. ஆயா (அம்மாவின் அம்மாவோ அப்பாவின் அம்மாவோ, பாட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) பீடி சுற்றுகிறவர், அவருக்கு இலை வெட்டிக் கொடுத்து, கட்டு கட்டிக் கொடுக்க 9.30 ஆகும். அப்புறம் வீட்டுப் பாடம். அதற்கும் அப்புறம் போன். "அது ஒண்ணுதான் மிஸ் எனக்குன்னு இருக்கிற நேரம்" என்றாள். படுக்க 12 மணி.

13 வயதிலிருந்து 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இவளுக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம். "போனைத் தூக்கிப் போடு, சரியாகிவிடும்" என்று நான் எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்! ஒரு நாளில் அவளுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே மணி நேரத்தை விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் பி.டி. பீரியடில் அந்த வகுப்பு முழுவதையும் புங்க மரத்தடியில் உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். பெயர் வேண்டாம், நேற்றைய நாளை மட்டும் எழுதுங்கள் என்றேன். வீட்டுக்கு எடுத்துப் போய் இரவு ஒரு மணி வரை படித்தேன். ஏதோ கெட்ட பழக்கம், சோம்பேறித்தனம் என்று நான் நினைத்து வைத்திருந்தவை எல்லாம் வேறு எதன் வாலாகவோ இருந்தன. பஸ் நேரத்தின் வால், கம்பெனி வேனின் வால், உடைந்த தாழ்ப்பாளின் வால்.

தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்கிறேன். பாதிக்கு மேற்பட்ட தாள்களில் தண்ணீர் குடித்ததாகவே எழுதவில்லை. வேலூர் வெயிலில், காலை 8 மணியிலிருந்து சாயந்திரம் வரை! கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள், கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். இடைவேளை 10 நிமிடம். அதனால் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நீர்க்கடுப்பு என்று மாதத்துக்கு நாலு பேர் லீவு போடுவது இதனால்தான். ஹார்டுவேர் கடையில் இரண்டு தாழ்ப்பாள் வாங்கி, ஆள் வைத்துப் பொருத்தினேன். 300 ரூபாய்கூட ஆகவில்லை. இத்தனை நாள் அந்தக் கதவைக் கடந்துதானே போயிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

விழுந்த பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். ஹீமோகுளோபின் 8.4. அவள் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "பல்பம், பச்சரிசி ஏதாவது சாப்பிடுவியா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். சில மாதமாக வகுப்பில் சாக்பீஸ் காணாமல் போகிறது என்று நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். இரும்புச் சத்து குறைந்தால் இப்படி மண், சுண்ணாம்பு, பல்பம் மேல் ஆசை வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மாதவிடாய் எத்தனை நாள் இருக்கும் என்றும் கேட்டார். எட்டு நாள் என்றாள். அதுதான் எல்லோருக்கும் வழக்கம் என்று நினைத்திருக்கிறாள்.

இவள் ஒருத்தி கதை இல்லை இது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை. இதற்காகத்தான் பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோம். ஆனால் மழை பெய்த மறுநாள் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் கால்வாயில் நீலமாக ஓடியிருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, அதனால் எறிந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போடு என்று சொல்வது சுலபம். சாப்பாடு எங்கே?

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு 10ஆம் வகுப்போடு முடிகிறது. இரண்டும் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். நானே சத்துணவு முட்டையில் வளர்ந்தவள். கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர். பிளஸ் ஒன் சேர்ந்த முதல் நாள் மத்தியானம் தட்டை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் வரிசைக்குப் போய், "நீ இப்ப பெரிய கிளாஸும்மா" என்று ஆயாம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தினமும் முதலில் யார் ஓடிப்போய் நிற்பது என்று போட்டி போட்ட வரிசை. 16 வயது என்றால் மாதா மாதம் ரத்தம் போகிற வயது, வளர்கிற வயது, பொதுத்தேர்வுக்கு ராத்திரி முழிக்கிற வயது. அந்த வயதில் இரண்டு தட்டும் இல்லை.

ஆசிரியர்கள் பேசி ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம். காலை 8.15க்கு, சீக்கிரம் வந்துவிடுகிற பிள்ளைகளுக்கு வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்), ஒரு துண்டு வெல்லம். சில நாள் கொண்டைக்கடலைச் சுண்டல். கொய்யா வரும் காலத்தில் கொய்யா. மாத்திரை கொடுக்கிற நாளில் அதைச் சாப்பிட்ட பிறகு, என் கண்ணெதிரே. டீயோடு மட்டும் போடாதீர்கள், டீ இரும்பைச் சேர விடாது என்று தினமும் சொல்கிறேன். கால்வாயில் நீலம் குறைந்திருக்கிறது.

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

அந்தத் தாள்களில் ஒன்றில் கடைசி வரி இப்படி இருந்தது: "படுத்தா மறுபடி எந்திரிக்கவே வேணாம்னு இருக்கும்."

அதைப் படித்ததும் எனக்கு 2000ஆம் வருடம் வந்துவிட்டது. அப்போது நான் பிளஸ் டூ. என் பக்கத்து பெஞ்சுத் தோழி இறந்து போனாள். "வயிற்று வலி தாங்காமல்" என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் எந்தப் பெண் இப்படி இறந்தாலும் அந்த நாட்களில் வயிற்று வலிதான். அவளுக்கு வயிற்று வலி வந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு மாதமாக அவள் சரியாகப் பேசாததை மட்டும் பார்த்தேன். கேட்கவில்லை. பரீட்சை நேரம் என்று விட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, வேலூர் சி.எம்.சி. சமூக மருத்துவத் துறையினர் அதே கணியம்பாடி ஒன்றியத்தில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு மரணத்தையும் குறித்து வந்திருக்கிறார்கள் என்பது. 1992 முதல் 2001 வரையிலான கணக்கு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள், லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு 148 பேர், லட்சம் ஆண்களுக்கு 58 பேர். அந்த வயதில் இறந்துபோன பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் என் தோழியும் ஒருத்தியாக இருப்பாள். வயிற்று வலி என்று எழுதாமல் உள்ளதை உள்ளபடி யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது அழுதேன்.

அதனால் அந்தத் தாளை என்னால் மடித்து வைக்க முடியவில்லை. பெயர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், கையெழுத்தைப் பார்த்துத் தேடினால் வாக்குத் தவறியதாகிவிடும். மறுநாள் வகுப்பில் பொதுவாகச் சொன்னேன்: "ஒருத்தர் எழுதினதைப் படிச்சேன். அவங்க மேல கோவம் இல்லை. நான் தினமும் 4 மணிக்கு மேல புங்க மரத்தடியில இருப்பேன்." மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் வந்தாள். வந்து, பந்துகளை எண்ணி மூட்டை கட்ட உதவினாள். பேச அரை மணி நேரம் ஆனது. சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாகும் என்று பலர் பயப்படுகிறார்கள், நானும் பயந்தவள்தான். கேட்டதும் அவள் விட்ட மூச்சைப் பார்த்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. அன்றைக்கே 14416க்கு என் போனிலிருந்தே பேசினோம். அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுகிறார்கள். 104லும் பேசலாம். அவளைத் தனியாக விடாமல் நானே வீடு வரைக்கும் போய் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போனோம். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இத்தனைக்கும் இடம் கொடுத்தது பி.டி. பீரியடுதான் என்பதைச் சக ஆசிரியர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். பத்தாவது, பிளஸ் டூ என்றாலே அந்தப் பீரியடைக் கணக்குக்கும் இயற்பியலுக்கும் கேட்கிறார்கள். சிலபஸ் முடியவில்லை என்கிற அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாலரை மணி நேரம் தூங்கி, வெறும் வயிற்றோடு, தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு எட்டாவது பீரியடாக ஒரு கணக்கு எங்கே ஏறும்? போன வருடம் இதைத் தாள்களோடு ஸ்டாஃப் மீட்டிங்கில் கொண்டு வைத்தேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். கடைசியில் வாரம் இரண்டு பி.டி. பீரியடில் யாரும் கை வைப்பதில்லை என்றும், ஸ்பெஷல் கிளாஸ் 5 மணிக்கு முடியும் என்றும் ஆனது. அந்த அரை மணி நேரத்தால் அவர்களுக்கு முந்தைய பஸ் கிடைக்கிறது.

காலை பஸ்ஸை அரை மணி நேரம் தள்ளி விடச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. பதில் இல்லை. நாலாவது மனுவில் பெற்றோர்களின் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஜூலையில் மறுபடியும் தாள் கொடுத்தேன். உதடு கிழிந்த பெண் இந்த முறை வேண்டுமென்றே பெயர் எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் ஹீமோகுளோபின் இப்போது 11.1. தாளில் நாலு வரிதான்.

"4.30க்கு எழுந்தேன். ஸ்கூல்ல மல்லாட்டை சாப்பிட்டேன். கோ-கோ விளையாடி மூணு பேரை அவுட் ஆக்கினேன். 10 மணிக்குத் தூங்கிட்டேன், போன் பாக்க மறந்துட்டேன்."